கல்லில் தமிழ் பொறித்த சீனத் தளபதி

சீன வரலாற்றைப் படிக்கும்போது அரச வம்சங்களின் பெயர்களை நான் வரிசையாக மனனம் செய்வதுண்டு: ஷாங், சௌ, சின், ஹான், தாங், சொங், யுவான், மிங், சிங். இவற்றில் ஒன்று வீழ்ந்து மற்றொன்று எழும்போது சாதாரண மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை, செங் ஹோ என்ற முஸ்லிம் தளபதியின் வாழ்க்கையில்தான் நான் கண்டேன்.

இப்னு பதூதா 1344இல் எமது புத்தளம் கரையில் இறங்கி, பின்னர் சீனா சென்றபோது அங்கு ஆண்டவர்கள் யுவான் வம்சத்து மங்கோலியர். அவர்கள் யுன்னான் மாகாணத்தை ஆள நியமித்த சையித் அஜல் ஷம்சுத்தீன் என்பவரின் வழித்தோன்றலாகவே செங் ஹோ கருதப்படுகிறார். 1371இல் பிறந்த இவரது குடும்பப் பெயர் மா. தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என்றே அழைக்கப்பட்டனர்.

1368இல் மிங் வம்சம் அரியணை ஏறியது. ஆயினும் யுன்னான் மங்கோலியர் கையிலேயே இருந்தது. 1381இல் மிங் படை அங்கு புகுந்தது. அக்காலத்தில் தந்தை இறந்தார். பத்து வயதளவிலிருந்த சிறுவன் கைதியாகி, ஆண்மை நீக்கப்பட்டு, இளவரசர் சூ தியிடம் பணியாளாக ஒப்படைக்கப்பட்டான். தன் குடும்பத்தைச் சிதைத்த அரசுக்கே அவன் சேவகனானான்.

சூ தி தம் சகோதரரின் மகனுடன் போரிட்டு 1402இல் பேரரசரானார். அப்போரில் துணைநின்றவருக்கு 1404இல் செங் என்ற பெயர் கிடைத்தது. 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்கள் நடந்தன. முதற்பயணத்தில் மாத்திரம் 27,000க்கும் மேற்பட்டோர் சென்றனர். கள்ளிக்கோட்டை, ஹோர்முஸ், ஆபிரிக்கக் கரை என அக்கப்பல்கள் சென்றன.

எமது நாட்டுக்கு அவர் கொண்டுவந்த கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் அது காணிக்கைகளைக் கூறுகிறது. தம் மன்னரின் பெயரால் வந்தவர், கேட்போர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியிலேயே பேசியிருக்கிறார்.

ஆனால் அதே தளபதிதான் 1411ஆம் ஆண்டளவில் இங்கு ஆட்சி செய்த வீர அழகேஸ்வரனைப் போரில் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றார். பேரரசர் பின்னர் அவனை விடுவித்தார். சிறுவயதில் கைதியாகி ஊரை இழந்தவர், வேறொருவரைக் கைதியாக்கி ஊரைவிட்டுக் கொண்டுபோனார். அவரது திறமையை மெச்சும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முஸ்லிம் என்பதற்காக அவரது செயல்கள் யாவற்றையும் புகழ்வது வரலாறாகாது. அந்நியர் என்பதற்காகக் கல்லில் காட்டிய மரியாதையை மறப்பதும் நீதியாகாது.

1433அளவில் அவர் மறைந்தார். பெருங்கடற்பயணங்களும் நின்றன. 1644இல் மிங் வம்சம் வீழ்ந்து சிங் வந்தது. காலியில் ஒரு மதகை மூடிக் கிடந்த அக்கல் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் சீனாவில் புரட்சி வெடித்தது. அடுத்த ஆண்டே சிங்கும் முடிந்து, பேரரசர் ஆட்சியே இல்லாமற்போனது.

ஆட்சியைக் கொடுப்பவனும் எடுப்பவனும் அல்லாஹ்வே என்று சிறுவயதிலிருந்தே கற்கிறோம். கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்லும் சகோதரிகள் அக்கல்லின் முன் சற்று நின்று பாருங்கள். அதை அனுப்பிய வம்சம் இன்றில்லை. அதிலுள்ள தமிழை நாம் இன்றும் பேசுகிறோம்.