பெயர் பொறியாத போத்தல்

கையடக்கமான சிறு போத்தல், கத்தரிப்பூ நிறம், மேனியெங்கும் சாய்சதுரக் கட்டங்கள், கட்டந்தோறும் ஒரு டெய்சி மலர். பழைய அமெரிக்கக் கண்ணாடியைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்கும் இதனைச் செய்வித்தவர் யாரென வினவினால், ஹென்றி வில்லியம் ஸ்டீகல் என்பர். அவர் பெயரோ அதில் எவ்விடத்தும் இல்லை. பின் எங்ஙனம் அறிந்தனர்? இவ்வினாவே என்னை அவர் வரலாற்றின்பால் ஈர்த்தது.

1729இல் ஜேர்மனியின் கொலோன் நகரையடுத்துப் பிறந்த ஸ்டீகல், 1750இல் பிலடெல்பியாவில் வந்திறங்கினார். இரும்பாலை அதிபர் ஒருவரின் மகள் எலிசபெத்தை மணந்தார். பின்னர்க் கூட்டாளிகளுடன் மாமனாரின் ஆலையை வாங்கி, அதற்கு மனைவியின் பெயரையே சூட்டினார். அங்கு வார்க்கப்பட்ட கணப்படுப்புத் தகடுகளில் தம் பெயரைப் பொறிக்க அவர் தவறவில்லை. பிறப்பால் பிரபுவல்லர், எனினும் பிரபு ஸ்டீகல் என்றே ஊரார் வழங்கினர். வாழ்ந்த வாழ்வு அத்தகையது!

பென்சில்வேனியாவில் மான்ஹைம் என்னும் ஊரை வகுத்து, 1765இல் அங்கு கண்ணாடிச்சாலை தொடங்கினார். 1772இல் அவ்வூர் லுத்தரன் திருச்சபைக்கு நிலம் வழங்கியபோது, ஆண்டுதோறும் யூன் மாதத்தில் ஒரு செந்நிற ரோஜாவை வாடகையாகக் குறித்தார். இடையில் நின்றுபோன அவ்வழக்கம் 1892இல் மீண்டும் விழாவாயிற்று.

கண்ணாடிமீது பிரித்தானியா 1767இல் விதித்த தீர்வை அவருக்கு வாய்ப்பாயிற்று. குடியேற்றவாசிகள் ஆங்கிலப் பொருள்களைப் புறக்கணித்தனர். 1770இல் தீர்வை நீங்கியதும் இறக்குமதி மீண்டும் பெருகிற்று. செலவோ குறையவில்லை. 1774இல் சாலை மூடப்பட்டது. கடனுக்காகச் சிறையும் புகுந்தார். அதன்பின் பள்ளியாசிரியராகப் பிழைத்து, 1785இல் மறைந்தார்.

இரும்பில் பெயரிட்டவர் கண்ணாடியில் ஏன் இடவில்லை? ஐரோப்பியப் பண்டத்தையே மக்கள் மேலாகக் கருதினர். ஆகவே, அதனினின்றும் வேறுபாடு தோன்றாதபடி செய்வதே அவருடைய வாணிபம் என்பது என் கருத்து. ஊதியவர்களும் ஜேர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்களே. அதனாலேயே ஆராய்ச்சியாளர் இடர்ப்பட்டனர். பிரெடெரிக் ஹன்டர் என்பார் கணக்கேடுகளையும் மண்ணிற் கிடைத்த சில்லுகளையும் கொண்டு 1914இல் எழுதிய நூலில், பல கலங்களை ஸ்டீகலுக்கே உரியனவாக்கினார். பின்வந்தோர் அவற்றை ஒத்தவை ஐரோப்பாவிலும் செய்யப்பட்டமை கண்டு, ஸ்டீகல் பாணி என்ற அளவிலே நின்றனர்.

மலர்ப் போத்தல் மட்டும் தப்பியது. அதே கோலம் ஐரோப்பாவிற் காணப்படாமையே அதற்குரிய தலையாய சான்று. இச்சான்றை நான் ஏற்கின்றேன். எனினும் முழுமனத்தோடு அன்று. ஏதேனும் ஒரு போஹீமிய வீட்டின் பரணில் நாளையே இத்தகைய போத்தல் ஒன்று அகப்படலாம்.