தேயிலை மலையை எழுதிய சி.வி. வேலுப்பிள்ளை

இலங்கை மலையகத்தின் மடக்கொம்பரை என்ற தேயிலைத் தோட்டத்தில் 1914ல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. கொழுந்து பறித்த குடும்பமன்று. தொழிலாளர்களை மேய்த்த கங்காணிக் குடும்பம். ஹட்டனிலும் கொழும்பிலும் ஆங்கிலக் கல்வி கிடைத்தது. தோட்டத்தை மறந்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்.

1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். அவரது இலங்கை இந்தியர் காங்கிரசில் அப்போது வேறு சிலரும் வென்றார்கள். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், தந்தை வழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயன் அறையில் பிறந்தவர்களிடம் தாள் ஏது? மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆயினர். வாக்குரிமையும் போயிற்று.

தாளில் இல்லாத சான்றை வேலுப்பிள்ளை எழுத்தில் வைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1954ல் தேயிலைத் தோட்டம் பற்றிய அவரது ஆங்கில நெடுங்கவிதை வெளிவந்தது. சக்தீ பாலையா அதைத் தமிழாக்கினார். சுற்றுலாப் படங்களில் நாம் பார்க்கும் அதே பச்சை மலைதான். ஆனால் இங்கே விடியலில் தப்பு ஒலிக்கிறது. மக்கள் வேலைக்குத் திரள்கிறார்கள். அந்த மண்ணை உழைத்துப் பண்படுத்தியவர்கள் தேயிலைத் தூரின் அடியிலேயே புதைந்து கிடக்கிறார்கள். நிலக்காட்சி அழகுக்காக வரவில்லை, உரிமைக்காக வருகிறது.

ஆஸ்திரேலியாவின் ஹென்றி லாசன் (1867-1922) நினைவுக்கு வருகிறார். வறண்ட புதர்க்காட்டையும், அங்கே ஆடு மேய்த்தும் கம்பளி கத்தரித்தும் பிழைத்தவர்களின் தோழமையையும் எழுதியவர். அந்த உழைப்பாளியின் முகமே அந்நாட்டின் முகமாகப் போற்றப்பட்டது. லாசன் படம் 1966ல் பத்து வெள்ளித் தாளில் அச்சானது. அங்கும் பழங்குடியினர் அந்தப் படத்துக்கு வெளியேதான் நின்றார்கள். வேலுப்பிள்ளையின் மாந்தர்களுக்கோ சொந்த நாடே இல்லை.

அவரது நாவல் ஒன்றின் பெயரே 'வீடற்றவன்'. தோட்டத்தில் வேலை போனால் அறையும் போய்விடும், ஏனெனில் லயன் தோட்டத்துக்குச் சொந்தம். சங்கம் அமைக்க முன்வருவது எவ்வளவு பெரிய பணயம் என்பது இதிலிருந்தே புரியும். உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டினால் ஜோகூர். அங்கு ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கும் கங்காணியும் லயமும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கதை அவ்வளவு தூரத்தில் நடந்ததாகத் தெரியவில்லை.

தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் அவர் திரட்டினார். அத்தொகுப்பு 1983ல் நூலானது. என் பார்வையில் அவரது நாவல்களைவிட மதிப்புமிக்க பணி அது. ஏனென்றால், அதற்குள் அந்தப் பாடல்களைப் பாடியவர்களில் பலர் ஊரில் இல்லை. 1964 ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாகி, குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

1984ல் வேலுப்பிள்ளை காலமானார். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ல் நிறைவேறியது.