பெருந்தலைவர் காமராசரும் நகராட்சிக் குழாயும்

பெருந்தலைவர் காமராசரின் பெயரைக் கேள்வியுறாத தமிழ்க் குடும்பம் நம் உலு திராம் வட்டாரத்தில் இராது. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளைத் திறந்தவர், மதிய உணவு அளித்தவர் என்ற அளவில் மாணவச் செல்வங்களும் அவரை அறிவர். அவர் பிறந்த ஊரின் நகராட்சியோடு அவருக்கு நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை அத்துணைப் பேர் அறியார். ஆதலின் அவற்றையே இங்கு விரித்து எழுத விழைகின்றோம்.

1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் விருதுப்பட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் ஆகியோரின் மகனாகக் காமராசர் பிறந்தார். அவ்வூரே பின்னாளில் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. பருத்தி, மிளகாய், எண்ணெய் வாணிகத்தால் வளர்ந்த ஊர் அது. தந்தையார் இளமையிலேயே மறைந்தமையால் குடும்பம் வறுமையுற்றது. சிறுவன் காமராசர் சத்திரிய வித்தியாசாலையில் பயின்றார். அப்பள்ளி எவ்வாறு நடந்தது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஊர்ப் பெண்கள் நாள்தோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அவ்வாறு சேர்ந்த அரிசியும், வணிகர் தந்த மகமைப் பணமும் அப்பள்ளியைத் தாங்கின. பொதுப்பணம் என்பது எத்தனை வீட்டு அடுப்பங்கரைகளிலிருந்து வருகிறது என்பதை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலை பார்த்தார். பின்னர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்பு அறப்போரில் கலந்துகொண்டு சிறை சென்றார். அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். 1940இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானார். அவ்வாண்டின் இறுதியில் காந்தியடிகளைக் காண வார்தா செல்லும் வழியில் கைது செய்யப்பட்டு, வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அவர் சிறையில் இருந்தபோதே, 1941ஆம் ஆண்டில், விருதுநகர் நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கம்பிக்குள் இருக்கும் மகனை ஊர் தன் தலைவனாக்கி மகிழ்ந்தது. நகராட்சித் தலைவர் பதவி சிறியதன்று. வீட்டுவரி, கடை உரிமம், சாலைக் குத்தகை, குடிநீர் யாவும் அந்த மன்றத்தின் கையில் இருந்தன. தலைவரின் உறவினர் ஒருவர் குத்தகை கேட்டு வந்தால் மறுப்பார் யார்? பதவியை விரும்புவோர் பலர் இதனை நினைத்தே விரும்புவர்.

அவ்வாண்டின் இறுதியில் விடுதலையாகி ஊர் திரும்பிய காமராசர், நன்றி கூறித் தலைவர் பதவியினின்று விலகினார். நாட்டு விடுதலைப் பணிக்காக ஊர் ஊராகச் சுற்றுபவர், நகரின் சாக்கடையையும் குடிநீரையும் நாள்தோறும் கவனிக்க இயலாது. முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பைப் பெயரளவில் வைத்திருத்தல் முறையன்று என்பதே அவர் கருத்து. பதவியை வைத்துக்கொண்டு வேலையைப் பிறரிடம் விட்டிருந்தாலும் ஊரார் குறை கூறியிருக்க மாட்டார்கள். அதனாலேயே இந்த விலகலை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவர் சென்னை மாநில முதலமைச்சரானார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும் அமைச்சராக அமர்த்திக்கொண்டார். சிற்றூர்தோறும் பள்ளிகள் எழுந்தன. மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊர்மக்களின் நன்கொடையையும் நாடினார். பிடி அரிசிப் பள்ளியில் படித்தவருக்கு அது புதிய வழியன்று.

தாயார் மட்டும் விருதுநகரிலேயே, அந்தப் பழைய சிறு வீட்டில் வாழ்ந்தார். மகன் மாதந்தோறும் செலவுக்குப் பணம் அனுப்பினார். அது 120 ரூபாய் என்று வரலாறு எழுதியோர் குறிப்பர். தாயார் சென்னைக்கு வந்தால் உறவினர் கூட்டமும் உடன் வரும், முதலமைச்சர் வீட்டின் பெயரால் காரியங்கள் நடக்கத் தொடங்கும் என்று அவர் அஞ்சினார்.

விருதுநகரில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையானது. பெண்கள் தெருக்குழாயில் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருப்பர். நம் தோட்டத்து முதியோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. லயத்துப் பொதுக்குழாயில் விடியுமுன் நின்றவர்கள் அவர்கள். முதலமைச்சரின் முதிய தாயாரும் தெருக்குழாயை நம்பியிருப்பதைக் கண்டு, அவர் வீட்டிற்குத் தனிக்குழாய் போட்டுக் கொடுத்தனர். தாயார் கேட்டுப் பெற்றதன்று; மகனுக்கும் தெரியாது. செய்தி எட்டியபோது காமராசர் மகிழவில்லை, சினந்தார். ஊரில் மற்றத் தாய்மார்களுக்கு இல்லாத வசதி தம் தாய்க்கு மட்டும் ஏன் என்று கேட்டு, அக்குழாயை எடுத்துவிடும்படி செய்தார். விருதுநகர் மக்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி இது.

படிப்போர் சிலருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். மூதாட்டியின் இடுப்புக் குடத்தை நினைத்தால் நமக்கும் மனம் கனக்கத்தான் செய்கின்றது. குழாய் போட்டவர் கெட்டவரும் அல்லர். கையூட்டு வாங்கவில்லை, அன்பினால் செய்தார். ஆயினும் அடுத்த வீட்டுக் கிழவியின் மகன் முதலமைச்சர் அல்லன் என்பதால், அவளுக்கு அந்த அன்பு கிட்டவில்லை. இன்று தாய்க்குக் குழாய் வந்தால், நாளை மைத்துனனுக்குக் குத்தகை வரும். அதுவும் கேளாமலே வரும். கேட்டு வருவதை மறுப்பது எளிது. கேளாமல் வாயிற்படிக்கு வருவதைத் திருப்பி அனுப்புவதே கடினம்.

நம் நாட்டிலும் இச்சிக்கல் புதியதன்று. 1960களில் நகர மன்றங்கள் சிலவற்றின் மீது முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1966இல் ஜொகூர் பாரு நகர மன்றத்தின் நிர்வாகத்தை மாநில அரசே எடுத்துக்கொண்டது. ஆணையம் 1968இல் அறிக்கை அளித்தது. ஊராட்சித் தேர்தல்கள் தொடர வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஆயினும் 1965இல் நிறுத்தப்பட்ட அத்தேர்தல்கள் மீண்டும் வரவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கின்றது. நம் தெருவின் வடிகாலும், விளக்கும், அங்காடிக் கடையின் உரிமமும் அவர்களின் முடிவில் உள்ளன. தவறு செய்தவரை வாக்கினால் விலக்க நமக்கு வழியில்லாததால், கேள்வி கேட்கும் பெற்றோரும், தம் உறவினரின் விண்ணப்பம் வரும்போது நாற்காலியை விட்டு எழுந்து வெளியே செல்லும் உறுப்பினரும் நமக்கு மிகுதியாகத் தேவைப்படுகின்றனர்.

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராசர், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியையும் தாமே துறந்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975இல் அதே அக்டோபர் 2ஆம் நாளில், சென்னை திருமலைப் பிள்ளை சாலை இல்லத்தில் உயிர் நீத்தார். ஒன்பதாண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தவர் வாழ்ந்து மறைந்த அவ்வீடு வாடகை வீடு. அதுவும் விருதுநகர் வீடும் இன்று நினைவில்லங்களாக உள்ளன. தமிழகம் செல்லும் நம் அன்பர்கள் விருதுநகர் வீட்டை ஒருமுறை பார்த்து வரலாம். குறுகிய தெருவில் உள்ளது. உள்ளே சென்று பார்த்து வர அதிக நேரம் ஆகாது.