கம்பிக்கு உறை தந்த ஹெவிசைடு

சென்ற விடுமுறையின்போது தோ பாயோவில் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் வசந்தம் ஒளிவழி கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளின் முனையில் இருந்த பிளக், சோபாவை நகர்த்தியபோது அதன் காலுக்கடியில் சிக்கி நசுங்கியிருந்தது. ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போய்ப் புதிய பிளக் ஒன்றை வாங்கிவந்து நானே மாட்டினேன். இப்போது படம் சுத்தமாகவே வரவில்லை!

மறுபடியும் பிரித்துப் பார்த்தேன். கேபிளின் கறுப்புத் தோலைச் சீவினால் உள்ளே செப்பு இழைகளால் பின்னிய வலை. அதற்குள் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக். அதன் நடுவே ஒற்றைச் செப்புக் கம்பி. வலையைப் பின்பக்கமாக மடித்து, வெள்ளைப் பகுதியை வெட்டி, நடுக் கம்பியை மட்டும் பிளக்கின் முனைக்குள் செலுத்த வேண்டும். நான் மடித்த வலையிலிருந்து தலைமுடி அளவு இழை ஒன்று தப்பி நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டியதும் படம் வந்துவிட்டது. பாட்டிக்கு மகிழ்ச்சி.

கேபிளின் தோலில் 75 ஓம் என்று அச்சிட்டிருந்தது. மீட்டரை வைத்து நடுக் கம்பியின் தடையை அளந்தால் அந்த எண் கிடைக்காது. கேபிள் வழியாகப் பயணம் செய்யும் அலையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் அது. தமிழில் மின்மறுப்பு என்றும் ஆங்கிலத்தில் இம்பிடன்ஸ் என்றும் படிக்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவர்தான் இப்படிப்பட்ட கேபிளுக்கு 1880ஆம் ஆண்டு பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் ஆலிவர் ஹெவிசைடு.

லண்டனின் கேம்டன் டவுனில் 1850ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. வீட்டில் வசதி இல்லை. சிறுவயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவரது செவித்திறனைக் குறைத்தது. 16 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. அதற்குமேல் கற்றதெல்லாம் தாமாகவே கற்றது. தந்தித் துறையில் புகழ்பெற்ற சார்ல்ஸ் வீட்ஸ்டன் அவருடைய தாயின் சகோதரியின் கணவர். அந்த வழியில் ஹெவிசைடும் தந்தி வேலைக்குப் போனார். இங்கிலாந்தின் நியூகாசலுக்கும் டென்மார்க்குக்கும் இடையிலான கடலடிக் கேபிளில் செய்தி அனுப்புவதும் பெறுவதும் அவர் வேலை.

அதே காலத்தில், 1871ல், சென்னையிலிருந்து பினாங்கு வழியாக வந்த கடலடிக் கேபிள் சிங்கப்பூரைத் தந்தி உலகத்தோடு இணைத்தது. அக்காலக் கடலடிக் கேபிள்களின் செப்புக் கம்பிமேல் பூசப்பட்டது கட்டாபெர்ச்சா எனும் மரப்பால். மலாய்க் காடுகளில் எடுக்கப்பட்ட அது சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாகத்தான் பெருமளவில் ஏற்றுமதியானது. வடகடலில் ஹெவிசைடு தட்டிய தந்திக்கும் நம் ஊருக்கும் இப்படி ஓர் ஒட்டு உண்டு.

நீண்ட கேபிளில் அனுப்பும் புள்ளியும் கோடும் மறுமுனையில் ஒன்றோடு ஒன்று கலங்கி வந்தன. ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. 24 வயதில், 1874ல், வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் வேறு வேலைக்குப் போகவே இல்லை. ஆய்வகமோ பேராசிரியரோ சம்பளமோ இல்லாமல், ஓர் அறைக்குள் மேக்ஸ்வெல்லின் நூலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். நம் வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

1880ஆம் ஆண்டின் காப்புரிமை அந்த அறையில் பிறந்ததுதான். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கம்பிகள் ஒன்றின் செய்தியை மற்றொன்று ‘ஒட்டுக்கேட்கும்’. மின்னோட்டம் திரும்பும் பாதையை இன்னொரு கம்பியாக வைக்காமல், முதல் கம்பியைச் சுற்றிய குழாயாக ஆக்கிவிட்டால் இரண்டின் விளைவும் வெளியே ஒன்றையொன்று அழித்துவிடும். வெளியிலிருந்து வரும் தொந்தரவும் உள்ளே நுழையாது. நான் மடித்த செப்பு வலை அந்தக் குழாயின் வேலையைத்தான் செய்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார். மின்னாற்றல் கம்பியின் உள்ளே தண்ணீர்போல ஓடுவதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள வெளியில் பாய்கிறது. பாய்ன்டிங் என்ற அறிஞரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அப்படியானால் பாட்டி வீட்டுக் கேபிளில் வசந்தம் பயணம் செய்வது, நான் அலட்சியமாகச் சீவிக் குப்பையில் போட்ட அந்த வெள்ளை நுரையின் வழியாக! மேக்ஸ்வெல்லின் 20 சமன்பாடுகளைச் சுருக்கி, இன்று பல்கலைக்கழகத்தில் எங்களைத் திணறடிக்கும் நான்கு சமன்பாடுகளாக எழுதியவரும் இவர்தான். பாடநூலில் அவை மேக்ஸ்வெல் பெயரில்தான் உள்ளன.

1887ல் சிக்கல் வந்தது. தொலைபேசிக் கம்பியில் மின்தூண்டலை வேண்டுமென்றே கூட்டினால் பேச்சு சிதையாமல் போய்ச் சேரும் என்று ஹெவிசைடு கணக்கில் காட்டினார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸோ மின்தூண்டல் கெடுதலானது என்று நம்பியவர். அதே துறையில் வேலை பார்த்த அண்ணன் ஆர்தருடன் சேர்ந்து ஹெவிசைடு எழுதிய கட்டுரை வெளிவராமல் பிரீஸ் தடுத்துவிட்டார். பதிலுக்கு ஹெவிசைடு அவரை எழுத்தில் கேலி செய்துகொண்டே இருந்தார். அவர் எழுதிய கணிதமும் லேசில் புரியாது. பிழை முழுவதும் பிரீஸுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கணக்கு ஹெவிசைடின் பக்கம்தான் இருந்தது. அமெரிக்காவில் மைக்கேல் பூப்பின் என்ற பேராசிரியர் 1900ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றுப் பெரும் பணம் ஈட்டினார். ஹெவிசைடுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வறுமை அவரை விடவில்லை. 1894ல் நண்பர்கள் ஏற்பாடு செய்த உதவித்தொகையைத் தருமம் என்று எண்ணி மறுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆய்வுக்கான மரியாதையாக அரசாங்கம் அளித்த ஆண்டுக்கு 120 பவுண்டு ஓய்வூதியத்தை மட்டும் ஏற்றார். 1902ல், வானொலி அலைகளைப் பூமிக்குத் திருப்பும் அடுக்கு ஒன்று வானில் இருக்கலாம் என்றும் எழுதினார்.

கடைசிக் காலத்தைத் தெற்கு இங்கிலாந்தின் டோர்கீ என்ற கடலோர ஊரில் தனிமையில் கழித்தார். 1881ல் சந்தா கட்டாததற்காக அவர் பெயரை நீக்கிய தந்திப் பொறியாளர் சங்கம் பின்னர் மின்பொறியாளர் கழகமாக வளர்ந்திருந்தது. அக்கழகம் 1922ல் தன் முதல் ஃபாரடே பதக்கத்தை அவருக்கே வழங்கியது. அவர் லண்டனுக்கு வரவில்லை. கழகத்தின் தலைவரே டோர்கீக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, தமது 74வது வயதில், ஹெவிசைடு காலமானார். தொலைக்காட்சிப் படத்தையே சுமக்கக்கூடிய கோஆக்சியல் கேபிளுக்கு அமெரிக்காவின் பெல் நிறுவனப் பொறியாளர்கள் இருவர் காப்புரிமை கோரியது, அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.