மருந்துப் பெயர்களின் பின்னணி: சுப்பாராவும் மெத்தோட்ரெக்சேட்டும்

முடக்குவாதத்திற்கு (ருமட்டாய்டு மூட்டழற்சி) நீங்கள் சிகிச்சை பெறுபவராயின், உங்கள் மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம் என்னும் இரு பெயர்களும் சேர்ந்தே இருக்கக்கூடும். இவ்விரண்டின் வரலாற்றிலும் இடம்பெறுபவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமாவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து பயின்றமையால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு உள்ளானார்; எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாத ‘ஸ்ப்ரூ’ நோய்க்குச் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்து, 1940இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் தயாரித்தது. ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று.

‘ஃபோலியம்’ என்பது இலத்தீனில் இலையைக் குறிக்கும். கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் 1941இல் இப்பெயர் இடப்பட்டது. இச்சத்தைப் போன்றே தோன்றி, உயிரணுவை ஏமாற்றி, அதன் பணியைத் தடுக்கும் பொருள்களையும் சுப்பாராவின் குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமெத்தாப்டெரினே இன்றைய மெத்தோட்ரெக்சேட். பழைய பெயரின் ஈற்றிலுள்ள ‘ப்டெரின்’ சிறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அவ்வகை நிறமிகள் முதலில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளில் கண்டறியப்பட்டன. புதிய பெயரில் அந்தச் சிறகு இல்லாமற்போனது சிறு இழப்பே.

ஒரு மாத்திரை ஃபோலிக் அமிலத்தின் பணியைத் தடுப்பது. மற்றொன்று அதனால் விளையும் பக்கவிளைவுகளைக் குறைப்பது. முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே தரப்படுகிறது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். இராஜபாளையத்தில் வாங்கும் மாத்திரை அட்டையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கும் அட்டையிலும் வணிகப் பெயர்கள் வேறுபடலாம். அவற்றை இருவேறு மருந்துகளெனக் கருதி இரண்டையும் உட்கொள்ள வேண்டாம். அட்டையில் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் மூலப்பெயரைப் பாருங்கள். பராமரிப்பாளர்களும் இதனைச் சரிபார்த்தல் நன்று.

யானைக்கால் நோய்க்கு வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் உருவானதே. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பெயரை எந்த மருந்தும் தாங்கவில்லை. 1953இல் ஒரு பூஞ்சைக்கு ‘சுப்பாரோமைசஸ்’ எனப் பெயரிட்டனர்.