கடற்பசுவைக் கண்ட மேதை ஸ்டெல்லர்

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நிலைக்கு வந்து சேரும் என்பார்கள் நம் பெரியோர். தேருக்கு மட்டுமா இது பொருந்தும்? கல்விக்கும் பொருந்தும், கடலில் வாழும் வாயில்லா உயிர்களைக் காப்பதற்கும் பொருந்தும். இவ்வுண்மையைத் தம் வாழ்வாலும் தாழ்வாலும் நமக்கு உணர்த்திச் சென்றவர் இயற்கை அறிஞர் ஜார்ஜ் வில்ஹெல்ம் ஸ்டெல்லர். அவருடைய வரலாற்றைச் சற்றுக் காண்போமா?

1709ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள விண்ட்ஷைம் என்னும் சிற்றூரில் ஸ்டெல்லர் பிறந்தார். தந்தை ஆலயத்தில் இசைப் பணி புரிந்தவர். மகன் முதலில் இறையியல் பயின்றார். பின்னர் மருத்துவத்திலும் தாவரவியலிலும் மனத்தைப் பறிகொடுத்தார். 1734இல் ரஷ்யா சென்றார். பீட்டர்ஸ்பர்க் நகர அறிவியல் கழகம் அவரை ஆசியாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சாத்காவுக்கு அனுப்பி வைத்தது. அங்கே கப்பல் தலைவர் விட்டஸ் பெரிங் அவரைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். 1741 ஜூன் மாதம் 'புனித பேதுரு' என்னும் கப்பல் அமெரிக்கக் கரையைத் தேடிப் புறப்பட்டது.

ஆனால் கப்பலில் ஒற்றுமை இல்லை. அதிகாரிகள் ஸ்டெல்லரைக் கடலறியாத ஏட்டுப் படிப்பாளி என்று இகழ்ந்தனர். அவரும் பொறுமைசாலி அல்லர், சுருக்கென்று பேசிவிடுவார். அலாஸ்காவை ஒட்டிய தீவு ஒன்றில் அவருக்குக் கிடைத்தது சுமார் பத்து மணி நேரமே. திரும்பும் வழியில் ஒரு தீவில் மாலுமிகள் நீர் நிரப்பினர். அந்நீர் உவர்ப்பு என்று அவர் எச்சரித்தும் எவரும் செவிசாய்க்கவில்லை. பின்னர் ஸ்கர்வி நோய் பரவியது. அது வைட்டமின் சி குறைவால் வருவது என்று இன்று நாம் பாடத்தில் படிக்கிறோம். அன்று அக்காரணத்தை யாரும் அறியார். எனினும் பச்சிலைகள் அந்நோயைத் தணிக்கும் என்று ஸ்டெல்லர் கண்டிருந்தார். அவற்றைத் தாமே பறித்து வந்து பெரிங்குக்கும் பிறருக்கும் கொடுத்தார். பலருக்குப் போதுமான அளவு இலை பறிக்க அவருக்குத் துணையாள் தரப்படவில்லை.

நவம்பரில் கப்பல் ஆளில்லாத் தீவு ஒன்றில் ஒதுங்கி உடைந்தது. டிசம்பரில் பெரிங் உயிர் நீத்தார். ஏறத்தாழ முப்பது பேர் அந்தப் பயணத்தில் மடிந்தனர். துன்பம் வந்தபோதுதான் பிழைத்தவர்களுக்குக் கண் திறந்தது. அதிகாரியும் அறிஞரும் கூலியாளும் மணலைத் தோண்டிய குழிகளில் ஒன்றாகத் தங்கினர். ஸ்டெல்லர் நோயாளிகளைப் பேணினார், கஞ்சி காய்ச்சினார், கீரை தேடினார். கப்பல் கட்டும் தச்சர்கள் இறந்துபோயினர். ஆகவே ஸ்தாரோதுப்ஸெவ் என்னும் எளிய தொழிலாளி முன்வந்து, உடைந்த கப்பலின் பலகைகளைக் கொண்டே புதிய படகு கட்ட வழிகாட்டினார்.

அத்தீவின் கரையோரம் கூட்டம் கூட்டமாகப் பேருயிர்கள் பாசி மேய்ந்துகொண்டிருந்தன. அவையே பின்னாளில் 'ஸ்டெல்லரின் கடற்பசு' என்று பெயர் பெற்றவை. நீளம் ஏழரை மீட்டர். மரப்பட்டை போன்ற தோல். வாயில் பல்லே இல்லை. 1742 ஜூலை 12ஆம் நாள் ஸ்டெல்லர் ஒன்றனை அறுத்து, உறுப்புறுப்பாக அளந்து எழுதினார். தூக்கவும் புரட்டவும் வந்தவர்களுக்குப் புகையிலையைக் கூலியாகத் தந்தார். சித்திரம் வரையத் தெரிந்த பிளெனிஸ்னர் என்னும் நண்பர் உதவினார். நரிகளோ காகிதத்தையும் மைக்கூட்டையும்கூடத் தூக்கிக்கொண்டு ஓடின! உரோமக் கடல்நாய், கடற்சிங்கம், கடல் நீர்நாய் ஆகியவற்றையும் அவர் நுணுகி ஆராய்ந்தார்.

அங்கிருந்தோர் உணவுக்காகக் கடற்பசுவை வேட்டையாடினர். ஈட்டி எறிந்தபின் கரையிலிருந்து சுமார் 30 பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அப்போது மற்றக் கடற்பசுக்கள் தம் துணையை விடுவிக்க முயலும். ஒரு முறை கொல்லப்பட்ட பெண் கடற்பசு கிடந்த கரைக்கு, அதன் இணை இரண்டு நாள் தொடர்ந்து வந்து நின்றதாம். இதைப் படித்தபோது எங்கள் நெஞ்சம் நெகிழ்ந்தது. அந்த இறைச்சியே மெலிந்துபோன மனிதர்களுக்கு வலுவூட்டியது. 1742 ஆகஸ்டில் 46 பேர் உயிரோடு கம்சாத்கா திரும்பினர். இடமில்லாமையால் ஸ்டெல்லர் சேர்த்து வைத்த எலும்புக்கூட்டைத் தீவிலேயே விட்டுவர நேர்ந்தது.

அவர்கள் கொண்டுவந்த நீர்நாய்த் தோல்களைக் கண்டு வேட்டைக்காரர்கள் அத்தீவை நோக்கிப் படையெடுத்தனர். கடற்பசுவைக் கொன்று தின்றனர். 1755இல் யாக்கவ்லெவ் என்னும் சுரங்கப் பொறியாளர் இந்த வேட்டையைத் தடுக்கும்படி கம்சாத்கா அதிகாரிகளுக்கு மனு அளித்தார். பயனில்லை. 1768இல் கடைசிக் கடற்பசுவும் கொல்லப்பட்டது. அறிஞர் கண்ணில் பட்டு 27 ஆண்டுகளில் ஓர் இனமே அழிந்தது! மனிதர் உயிரைக் காத்த விலங்கை மனிதர் காக்கவில்லை.

இவ்வழிவைக் காண ஸ்டெல்லர் உயிரோடில்லை. 1746 நவம்பரில் சைபீரியாவில் டியூமென் என்னும் ஊரில் காய்ச்சலால் இறந்தார். அப்போது வயது 37. கடல் விலங்குகளைப் பற்றி அவர் லத்தீனில் எழுதிய நூல் 1751இல் வெளிவந்தது. உயிருள்ள அக்கடற்பசுவை ஆராய்ந்த அறிஞர் அவர் ஒருவரே. 1882இல் லியோனார்ட் ஸ்டெய்னெகர் என்னும் அறிஞர் அதே தீவுக்குச் சென்று எலும்புகளைத் தேடி எடுத்தார். பின்னர் 1936இல் ஸ்டெல்லரின் வரலாற்றையும் எழுதினார்.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிடலாமா? அக்கடற்பசுவின் நெருங்கிய உறவு நம் பாக் விரிகுடாவில் வாழ்கிறது. நம் மீனவர்கள் அதனை ஆவுளியா என்பர். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்துத்தான் விடவேண்டும், நட்டம் மீனவருக்கே. ஆயினும் பலர் அறுத்து விடுகிறார்கள். வனத்துறை அவர்களுக்குப் பரிசளித்துப் பாராட்டுகிறது. ஆய்வாளர்கள் அவர்களிடம் கேட்டுக் கற்கிறார்கள்.

ஸ்டெல்லரிடம் அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது. அந்தத் தீவில் மனிதர் பிழைக்க ஊர் கூடியது; கடற்பசு பிழைக்க ஊர் கூடவில்லை. இம்முறையாவது தேர் நிலைக்கு வந்து சேரவேண்டும். நாளை மருத்துவராக, ஆசிரியராக, அதிகாரியாக, மீனவர் இல்லத்து அன்னையாக விளங்கப்போகும் தோழியரே, அந்த வடத்தில் நம் கையும் இருக்கட்டும்!