செருப்புக் கடையிலிருந்து ஆத்தும அறுவடைக்கு



வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வரலாமா என்று வாலிபர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம், தேவ மனிதர் டி. எல். மூடியின் வாழ்க்கையைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

மூடி 1837-ம் வருஷம் அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். நாலு வயதில் தகப்பனை இழந்தார். விதவைத் தாய் ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. அதிகம் படிக்க வசதியில்லாத மூடி, 17 வயதில் பாஸ்டன் நகரத்தில் தாய்மாமாவின் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தவறாமல் ஆலயத்துக்குப் போகணும், இது மாமா போட்ட நிபந்தனை.

1855 ஏப்ரலில் அவருடைய ஞாயிறு பள்ளி ஆசிரியர் எட்வர்டு கிம்பல் அவரைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டார். கடையின் பின்பக்கம் நின்ற மூடியிடம் கிறிஸ்துவின் அன்பைச் சொன்னார். மூடி அங்கேயே இரட்சிக்கப்பட்டார். ஆனால் வேத அறிவு போதாதென்று சபையார் அவரை உடனே அங்கத்தினராகச் சேர்க்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்தார்!

1856-ல் சிகாகோ போனார். வியாபாரத்தில் பயங்கர கெட்டிக்காரர். ஒரு லட்சம் டாலர் சேர்க்கணும் என்பதே அவர் கனவு. பணமும் கையில் சேர்ந்தது. கூடவே, தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி ஞாயிறு பள்ளியும் நடத்தினார்.

அங்கே ஒரு ஆசிரியருக்கு நுரையீரல் வியாதி. இனிப் பிழைக்க முடியாது என்று ஆன பிறகு அவர் மூடியிடம் வந்து அழுதார். சாவுக்காக அல்ல, தன் வகுப்புப் பெண்பிள்ளைகளில் ஒருத்திகூட இரட்சிக்கப்படவில்லையே என்றுதான்! மூடி ஒரு குதிரை வண்டி பிடித்து, அவரை வீடு வீடாகக் கூட்டிப்போனார். சில நாட்களுக்குள் அத்தனை பிள்ளைகளும் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆசிரியர் ஊருக்குப் புறப்படும் முந்தின இரவு எல்லாரும் கூடி ஜெபித்தார்கள்.

அதற்குப்பின் மூடிக்கு வியாபாரம் ருசிக்கவில்லை. லட்சம் டாலரா, ஆத்துமாவா என்று உள்ளுக்குள் பெரிய போராட்டம். கடைசியில் 1860-ல் தொழிலை விட்டார். சம்பளம் தர ஆளில்லை. சேமிப்பைச் செலவழித்து, ஜெப அறையின் பெஞ்சில் படுத்து, பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டு ஊழியம் செய்தார்.

ஆனாலும் ஒன்று குறைவுபட்டது. சபையில் இரண்டு சகோதரிகள் அவர் ஆவியின் வல்லமை பெறணும் என்று ஜெபித்தார்கள். முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு அவரே அவர்களோடு உட்கார்ந்து அழுது ஜெபித்தார். 1871 அக்டோபரில் சிகாகோ பற்றியெரிந்தபோது வீடும் ஆலயமும் சாம்பலாயின. பணம் திரட்ட நியூயார்க் போன இடத்தில், தெருவில் நடக்கையிலேயே தேவ வல்லமை அவரை நிரப்பியது. அல்லேலூயா!

அதன்பின் 1873 முதல் 1875 வரை பிரிட்டனில் பாடகர் சாங்கியோடு நடத்திய கூட்டங்களில் ஜனங்கள் திரள்திரளாய் வந்தார்கள். குருப்பட்டம் பெறாமலே ஊழியம் செய்த மூடி, 1899 டிசம்பர் 22-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, ஒன்றைக் கவனியுங்க. மூடி வேலையை விட்ட பிறகு பாரம் வரவில்லை. பாரம் வந்த பிறகுதான் வேலையை விட்டார். வலைகளை விட்ட பேதுருவைப்போல எல்லாரையும் கர்த்தர் அழைப்பதில்லை. கிம்பல் முழுநேர ஊழியர் அல்ல. ஆனால் ஒரு வாலிபனைத் தேடிக் கடைவரைக்கும் போனார். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னே, உங்கள் பக்கத்து மேஜைக்காரருக்காக முழங்காலில் நின்றீர்களா? இந்த வாரமே அவரைத் தேடிப் போங்க. கர்த்தர் அடுத்த வழியைக் காட்டுவார். ஆமென்.